எறும்புகள் கட்டிய பிள்ளை

ஆவணி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தபோது, பஞ்சாலைக் காலனியில் ஞானசுந்தரி வீட்டுத் தோட்டத்து முருங்கை மரத்தடியில் நெருப்பெறும்புகள் மண் தள்ள ஆரம்பித்தன; தள்ளிய மண் முதலில் வெறும் குவியலாகவும், பிறகு ஒரு குழந்தையின் பாதங்களாகவும், பிறகு மடக்கிய முழங்கால்களாகவும் உயர்ந்து உயர்ந்து, பதினோராம் நாள் காலையில், பக்கத்து வீட்டுச் செண்பகவடிவின் மகள் உலகேஸ்வரி ஏழு வயதில் எப்படி இருந்தாளோ அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது.

இடது முழங்கால் மேல் தாடையை வைத்திருந்தாள். இரட்டைச் சடையில் ஒன்று முன்னால் விழுந்திருந்தது, ஒன்று முதுகில் கிடந்தது. சிவந்த எறும்புகள் ஓயாமல் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருந்ததால் கன்னம் வெயிலில் கன்றியது போலவும், இமை இப்போதுதான் அசைந்தது போலவும், எதையோ சொல்ல வாயெடுத்து வேண்டாமென்று விட்டது போலவும் தெரிந்தது. பால்காரர் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, "உலகு வந்திருக்கா போல" என்று சொல்லிக்கொண்டே படியில் பாலை அளந்து ஊற்றிவிட்டுப் போனார். குடிநீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள் பள்ளத்தை இரண்டடி தள்ளித் தோண்டினார்கள். மழையில் கரைந்துவிடக் கூடாதே என்று யாரோ பழைய குடை ஒன்றை முருங்கைக் கிளையில் கட்டிவிட்டார்கள். நான்காம் தெருக்காரி ஒருத்தி மஞ்சளும் குங்குமமும் கொண்டு வந்தபோது மட்டும் ஞானசுந்தரி வாசலிலேயே மறித்துவிட்டாள்.

"பிள்ளைய சாமியாக்காதீய. சும்மா உக்காந்துட்டுப் போகட்டும்."

இதையெல்லாம் செண்பகவடிவு சுற்றுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். காலனியில் எல்லோரும் அவளை வடிவு என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது. இருபத்தைந்து வருஷம் பஞ்சாலையில் நூலைக் கோனில் சுற்றும் பிரிவில் நின்றே வேலை பார்த்து, போன வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தாள். அவளுடைய தோட்டத்தில் இருபத்தேழு வருஷமாக ஒரு எறும்பு கிடையாது. உலகு ஒரு வயதுக் குழந்தையாகத் தொட்டிலில் கிடந்தபோது சேலை வழியாக நெருப்பெறும்புகள் இறங்கி, குழந்தையின் தொடையிலும் வயிற்றிலும் வெள்ளை முனை வைத்த கொப்புளங்களாகக் கடித்து வைத்திருந்தன. அன்றைக்குக் கையில் எடுத்த எறும்புப் பொடியை வடிவு கீழே வைக்கவே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் நான்கு மூலைக்கும் கோடு போட்டாள், மண் தெரிந்த இடத்திலெல்லாம் சிமெண்டுப் பால் ஊற்றினாள், மண்ணில் உட்காராதே, செடியைத் தொடாதே, தோட்டத்தில் இறங்காதே என்று பிள்ளையிடம் சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அவள் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு அவள் ஷிப்டுக்குப் போனாள். பிள்ளை சுவரேறிக் குதித்து ஞானசுந்தரி வீட்டுக்குப் போனாள்.

அங்கே மூன்று பையன்கள், ஏழெட்டுக் கோழிகள், மட்டைக் குவியல், ஓயாத சத்தம். வேலை முடிந்து வடிவு வரும்போது உலகு அடுத்த வீட்டு எண்ணெய் வாசத்தோடு வந்து நிற்பாள். தட்டில் போட்டதை அளைந்துவிட்டு, "பசிக்கலம்மா" என்பாள். அந்த ஒரு சொல்லில் பிடித்த எரிச்சல் வடிவுக்கு இன்னும் அணையவில்லை. இப்போது உலகு பெங்களூரில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால், பேசி முடித்த மாப்பிள்ளையை வேண்டாமென்று சொன்ன அன்று, "போறதுன்னா அப்படியே போ" என்று வடிவு சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது பிள்ளை போயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் மட்டும் வரும்.

சுமந்து பெற்றது நான், கொப்புளத்துக்கு மருந்து போட்டது நான், இந்த எறும்புக்குக்கூட அது தெரியவில்லையே என்று வடிவு பொருமினாள். என் வீட்டில் இடமில்லாமலா போயிற்று?

"ஞானம், இத எப்பக் கலைக்கப் போற?" என்று சுவருக்கு மேலாகக் கேட்டாள்.

"எதுக்குக்கா கலைக்கணும்?"

"கடிக்கும்லா."

"கடிச்சாக் கடிச்சுட்டுப் போகட்டும். நம்ம பிள்ளைதான" என்றாள் ஞானசுந்தரி, கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டே.

அந்த 'நம்ம' காதில் விழுந்ததும் வடிவு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மத்தியானம் ஞானசுந்தரி மாவரைக்கப் போன நேரத்தில் வடிவு சுவரோரமாக முக்காலி போட்டு ஏறி, தன்னிடமிருந்த வெள்ளைப் பொடியை இரண்டு கையாலும் அள்ளி வீசினாள். பொடி பட்ட எறும்புகள் சுருண்டு விழுந்தன; உலகுவின் ஒரு கன்னம் உதிர்ந்தது, முன்னால் கிடந்த சடை அறுந்தது. மூன்றாம் நாள் கன்னமும் சடையும் திரும்பி வந்துவிட்டன, முன்னைவிடக் கொழுகொழுவென்று. காலனிப் பெண்கள் வேலியோரம் கூடி, "பிள்ள தேறிட்டா பாத்தியா" என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வடிவு இரண்டு பெரிய பானை நிறைய வெந்நீர் கொதிக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை ஞானசுந்தரி வீட்டில் எல்லோரும் சர்ச்சுக்குப் போயிருந்தபோது பின்வாசல் வழியாக எடுத்துப் போய், முகத்தைப் பார்க்காமல், முதுகுப் பக்கமாக நின்று ஊற்றினாள். பிள்ளை அப்படியே உட்கார்ந்த வாக்கில் சேறாகச் சரிந்தாள். ஒரு வாரத்தில் முருங்கை மரம் இலையெல்லாம் பழுத்துக் கொட்டிவிட்டு மொட்டையாக நின்றது. வெந்நீர் வேரைத் தின்றிருந்தது. ஞானசுந்தரி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள், பானை வைத்த அடையாளத்தையும் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

வடிவு இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள், நான்கு வீடு தள்ளி, தையல்காரர் ஆவுடையப்பன் தோட்டத்தில் உலகு நின்றுகொண்டிருந்தாள். இப்போது பன்னிரண்டு வயது. பள்ளிச் சீருடைக்கு அளவு கொடுக்கிற மாதிரி இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"அளவெடுக்கும்போது கூச்சம் தாங்காது மதினி இவளுக்கு. நின்னபடியே நெளிவா" என்றார் ஆவுடையப்பன் சந்தோஷமாக. அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாம் நின்று, தாங்களும் கையை நீட்டிக் காட்டிச் சிரித்துவிட்டுப் போனார்கள். மகளுக்குக் கூச்சம் உண்டு என்பதே வடிவுக்கு அன்றுதான் தெரியும். சீருடைத் துணியைக் காசோடு சேர்த்துக் கொடுத்தனுப்பியது மட்டும்தான் அவள்.

அவள் நேராகப் பஸ் ஏறிக் கடைத்தெருவில் பிச்சாண்டியின் உரக்கடைக்குப் போனாள். பிச்சாண்டி சாவகாசமான மனிதர். என்ன பூச்சி, எங்கே, எத்தனை நாளாக என்று கேட்காமல் எந்த டப்பாவையும் எடுத்துக் கொடுக்க மாட்டார்.

"வெந்நீரா ஊத்துனிய?" என்று தலையில் கை வைத்தார். "தாய் எறும்பு கீழ முழ ஆழத்துக்கும் மேல இருக்கும்க்கா. மேல இருக்கது வேகும். கீழ இருக்கது தாயத் தூக்கிட்டு வேற வீட்டுக்குக் குடி போயிரும். தாய் சாகாம எறும்பு சாகாது."

"அப்ப என்னதான் செய்ய?"

பிச்சாண்டி மூன்றை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இது பொடி. தொட்டதக் கொல்லும், அவ்வளவுதான். இது தண்ணியில கலக்குத மருந்து. வாளி வாளியா ஊத்தி அடி வரைக்கும் நனைக்கணும், கொறஞ்சா அதுவும் இடம் மாறிரும். கெணறு பக்கம் ஊத்தப்புடாது. கையில உறை போட்டுக்கிடணும். இது குருணை. எண்ணெயில ஊறுனது. எறும்புக்குத் தீனி மாதிரி இருக்கும். புத்து மேல போடப்புடாது, கலைக்கப்புடாது, சுத்தித் தூவி விட்டுட்டுச் சும்மா இருக்கணும். அதுக தீனின்னு நெனச்சு எடுத்துட்டுப் போயி, தாய்க்கு அதுகளே ஊட்டும்."

"எத்தன நாளாகும்?"

"மூணு வாரம்."

மூன்று வாரம் அந்தச் சிரிப்பைக் காலனியே பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்ததும் வடிவு நடு டப்பாவை எடுத்துக்கொண்டாள். ஆவுடையப்பன் கடைக்குப் போன பிறகு, சொன்னபடி கலந்தாள், ஆனால் சொன்ன அளவு ஊற்ற அவளுக்குப் பொறுமை இல்லை. பாதி வாளியிலேயே நீட்டிய கைகள் உதிர்ந்துவிட, முடிந்தது என்று திரும்பிவிட்டாள்.

அடுத்த வாரம் உலகு காலனி முக்கில், மெயின் ரோட்டுப் பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.

இருபத்தைந்து வயது. தோளில் பை, காலடியில் ஒரு பெட்டி, காலனிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பஸ் வரும் திசையைப் பார்த்து நின்றாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளம்பிப் போன அந்தக் காலையில் அவள் இப்படித்தான் நின்றாளாம். வழியனுப்ப வந்த ஞானசுந்தரிக்கு அது தெரியும், ஆவுடையப்பனுக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். அந்தக் கோலத்தை முதல் முதலாகப் பார்ப்பவள் பெற்றவள் ஒருத்திதான். பஸ் நிறுத்தமும் அவளை ஏற்றுக்கொண்டது; காத்திருப்பவர்கள் கூடையை ஒரு முழம் தள்ளி வைத்தார்கள், கண்டக்டர்கள் விசிலை வாயில் வைத்தபடி ஒரு கணம் பொறுத்து, அவள் ஏறவில்லை என்று தெரிந்த பிறகே ஊதினார்கள். முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள்கூடப் பஸ் ஜன்னல் வழியாக, "இன்னைக்கும் போகலியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஊருக்கே பிள்ளையாகிவிட்டாள், தனக்கு மட்டும் இல்லை என்று வடிவு குமைந்தாள். இன்னொரு தடவை விரட்டினால் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடுவாள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடவும் மனம் வரவில்லை. விரட்டாமல் முடிக்கிற மருந்து ஒன்றுதான் இருந்தது.

இந்தத் தடவை பிச்சாண்டி சொன்னது எதையும் அவள் மீறவில்லை. மண் காய்ந்திருந்த, காற்றில்லாத ஒரு நாளாகப் பார்த்து, சாயங்காலம் நான்கரை மணிக்குப் போனாள். எறும்புக்குப் பசி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு துண்டு முறுக்கைப் போட்டுவிட்டு அரைமணி நேரம் பக்கத்தில் குந்தியிருந்தாள்; முறுக்கு சிவப்பாக மூடிப் போயிற்று. பிறகு உறை போட்ட கையால் குருணையை அள்ளி, மகளைச் சுற்றி நாலடி தள்ளி ஒரு வட்டமாகத் தூவிவிட்டு, மறுபடி உட்கார்ந்து பார்த்தாள்.

எறும்புகள் வந்தன. மஞ்சள் மஞ்சளாக ஒவ்வொரு குருணையையும் தூக்கிக்கொண்டு, பெட்டியைத் தாண்டி, பாதத்தில் ஏறி, பாவாடை மடிப்பு வழியாக உள்ளே போயின. ஒன்றைக்கூட உதறவில்லை, ஒன்றைக்கூட அளைந்துவிட்டுப் போகவில்லை. அவ்வளவு ஆவலாக எடுத்துக்கொண்டன. வடிவு பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தப் பிள்ளை தன் கையால் கொடுத்ததை இவ்வளவு ஆசையாக வாங்கிக்கொள்வது இதுதான் முதல் தடவை என்று தோன்றிய அந்த நிமிஷத்தில், தூவியதைத் திரும்ப அள்ளக் குனிந்துவிட்டாள்.

உறை போட்ட விரலுக்குக் குருணை பிடிபடவில்லை. உறையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையால் பொறுக்க ஆரம்பித்தாள். எறும்புகள் விடவில்லை, விரல் இடுக்கில், மணிக்கட்டில், முழங்கைக்கு மேலே என்று தீக்கங்கு வைத்த மாதிரி கடித்தன. ஒவ்வொரு எறும்பின் வாயிலிருந்தும் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டே, "வேண்டாம் தாயி, விடு, அது வேண்டாம், விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஐந்தரை மணி பஸ்ஸிலிருந்து ஒயர் கூடையோடு ஞானசுந்தரி இறங்கினாள். ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

"மருந்தாக்கா?"

"ஆமா."

ஞானசுந்தரி கூடையை ஓரமாக வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி, எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பொறுக்கினாள். கடி வாங்கும்போது "ஸ்ஸ்" என்கிற சத்தம் மட்டும் மாறி மாறிக் கேட்டது.

"வெந்நீர் ஊத்துனது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் ஞானசுந்தரி.

"பெறகு ஏன் கேக்கல?"

"கேட்டா நானும் ஒண்ணச் சொல்லணும்லா." அவள் நிமிரவில்லை. "நீ ஷிப்டு முடிஞ்சு வார நேரம் எனக்கு அத்துபடி. அதுக்கு அரைமணி முன்னாடி, இவளுக்குப் பசிச்சாலும் பசிக்கலேன்னாலும் ரெண்டு தோசையச் சுட்டு வாயில திணிச்சிருவேன். உங்கிட்ட வரும்போது வயிறு நெறஞ்சிதான் வரணும்னு. எனக்குப் பெறந்தது மூணும் பயலுவ. இவ மேல எனக்கு அப்படி ஒரு ஆசை. வேணும்னுதான் செஞ்சேன்க்கா."

வடிவு கையை நிறுத்தினாள். கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வந்தது வேறு.

"இத்தன வருசமா நான் கிறுக்கின்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். "பிள்ளைக்கு ஒருவா சோறு போட்ட மனுசி மேல போயி எனக்கு ஏன் இப்படி எரியுதுன்னு."

"நீ கிறுக்கி இல்ல. ஒனக்குத் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"பாவி."

"பாவிதான். அந்தா, அந்தக் காலுக்கடியில ஒண்ணு இருக்கு, எடு."

வெளிச்சம் இருக்கும் வரை பொறுக்கினார்கள். எத்தனை குருணை உள்ளே போயிற்று, எத்தனை மீண்டது என்று தெரியவில்லை. மறுநாள் இரண்டு பேர் கையும் வெள்ளைக் கொப்புளமாகப் பூத்து வீங்கியிருந்தது. ஆவுடையப்பன் சம்சாரம்தான் இரண்டு வீட்டுக்கும் சோறு பொங்கிக் கொடுத்தாள். மூன்று வாரம் பொறுத்தால்தான் தெரியும் என்று பிச்சாண்டி சொல்லிவிட்டார். வடிவு தினமும் காலையும் சாயங்காலமும் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்தாள். மற்றவர்கள் மகளைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் எரியத்தான் செய்தது. ஆனாலும் "நல்லா நிக்கா பாத்தியளா" என்று யாராவது சொன்னால், "ஆமா, கழுத்து அவங்க அப்பா மாதிரி" என்று பதில் சொல்லப் பழகியிருந்தாள்.

மூன்றாவது வாரம் ஐப்பசி மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டி, மூன்றாம் நாள் காலையில் மெயின் ரோட்டுத் தண்ணீர் காலனிக்குள் புரண்டு இறங்கியது. பஸ் நிறுத்தத்து மண் கரைய, எறும்புகள் ஒன்றையொன்று காலால் பற்றிக்கொண்டு மிதக்க, உலகு மல்லாந்து படுத்த மாதிரி, நெஞ்சின் மேல் பையை வைத்துக்கொண்டு தெருத் தண்ணீரில் மெதுவாக வந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்கள். "இங்க வாட்டி", "எங்க வீட்டுக்கு வாட்டி உலகு" என்று தெரு நெடுகக் குரல். ஞானசுந்தரியும் திறந்து வைத்திருந்தாள். வடிவும் தன் கேட்டை அகலத் திறந்து, முழங்கால் தண்ணீரில் நின்றாள்.

உலகு அவள் கேட்டருகே வந்து, கம்பியில் ஒருமுறை இடித்து, மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"பிடிங்க மதினி! முறத்த வச்சு உள்ள தள்ளுங்க!" என்று ஆவுடையப்பன் கத்தினார்.

வடிவுக்குக் கை நீண்டது. நீண்ட கையை மடக்கிக்கொண்டாள். "போகட்டும்" என்றாள். உலகு தெருக்கோடி வரை போய், வாய்க்காலில் திரும்பி, குளத்துப் பக்கமாக மறைந்தாள். மருந்து வேலை செய்திருந்தால் அத்தனையும் சிதறித்தான் போயிருக்கும், தாய் உயிரோடு இருந்ததால்தான் ஒன்றாகக் கைகோத்து மிதந்திருக்கிறது என்று பிச்சாண்டி பிறகு சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.

"அங்க மழையாமேம்மா?"

"ஆமா. இப்ப விட்டிருக்கு." வழக்கமாக அடுத்தது சாப்பிட்டியா என்பதுதான். வடிவு அதைக் கேட்கவில்லை. "உலகு, நான் அங்க வரட்டுமா?"

"இங்கயா?"

"ஒரு வாரம் இருந்துட்டு வந்துருதேன். ஒனக்கு எடைஞ்சல்னா வேண்டாம்."

"எடைஞ்சல் எல்லாம் இல்லம்மா. வா. வீடுதான் சின்னது. நான் சமைக்கதே இல்ல, கீழ்வீட்டுல சுனந்தாம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க, அவங்கதான் எனக்கும் சேத்துச் செய்யுதாங்க. நான் வேலை முடிஞ்சு வார நேரம் பாத்துச் சூடா எடுத்து வச்சிருவாங்கம்மா, அப்படியே அம்மா மாதிரி..." உலகு சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

வடிவுக்குப் பாதத்திலிருந்து ஏறியது. கெண்டைக்கால், தொடை, அடிவயிறு, நெஞ்சு என்று ஒவ்வொரு இடமாகக் கடித்துக்கொண்டு ஏறித் தொண்டைக்கு வந்து நின்றது. போனைக் காதிலிருந்து எடுத்து, வெறித்துப் பார்த்து, மறுபடி காதில் வைத்தாள்.

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டாள்.

"யாருக்கு?"

"அந்தச் சுனந்தாம்மாவுக்கு. வெறுங்கையோடயா வர முடியும்?"

உலகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "மோர்மிளகாய்னா உயிரும்மா அவங்களுக்கு. இங்க வாங்குறது எதுலயும் காரமே இல்லேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க."

"ரெண்டு நாள் வெயில் அடிக்கட்டும்" என்றாள் வடிவு. "நல்லாக் காரமாவே போட்டுக் கொண்டு வாரேன்னு சொல்லு."